சுவருக்குப் போகும் கோடு

அன்று அந்த இடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: மேடையின் நடுவில் நகராட்சி இயக்ககம் ஒன்றின் இயக்குநர். அவருக்குப் பின்னால், வெயில் இல்லாதபோதும் குடை பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர். பக்கத்தில் மனநிறைவு அலுவலர். கீழே முதல் வரிசையில் தெரு பெருக்கும் அம்மாளும் சாக்கடை அடைப்பு எடுப்பவரும். மைக் செட்காரர் ஒருவர். வண்டிகளை இருபுறமும் நிறுத்தி வைத்திருந்த போக்குவரத்துக் காவலர். மேடையின் ஓரத்தில், நாற்காலி போட்டிருந்தும் உட்காராமல் நின்ற நேர்கோட்டார். எல்லாருக்கும் பின்னால், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவருடைய மனைவி.

இத்தனை பேர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பிற்பாடு ஊரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகவும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகவும் சொல்லித் திரிந்தார்கள். பார்த்தவர்கள் வாய் திறக்கவில்லை. பார்க்காதவர்கள் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டார்கள். வீட்டு விஷயம் வாசற்படி தாண்டக் கூடாது என்பது மரியாதையுள்ள குடும்பங்களின் வழக்கம். தாண்டிப் போய்விட்டதென்றால், அது கோணலாகப் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் கடமைதான்.

நேர்கோட்டார் நகராட்சியில் சாலைக்குக் கோடு போடுகிறவர். சாலையின் நடுவில் ஓடும் கோடு, ஓரத்தில் ஓடும் மஞ்சள் கோடு, மனிதர்கள் சாலையைக் கடப்பதற்காகப் போடும் வெள்ளைப் பட்டைக்கோடு, எல்லாம் அவர் கைவேலை. பெயர் அதனால் வந்தது என்று சிலர் சொல்வார்கள். அவருடைய பேச்சினால் வந்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். வளைத்துப் பேசத் தெரியாத மனிதர். ஒருவர் வீட்டில் காப்பி நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டு, மிச்சம் வைக்காமல் குடித்து முடிப்பார்.

அலுவலகத்துப் பெயிண்ட்டில் ஒரு சொட்டு அவர் வீட்டுக்கு வந்ததில்லை. வீட்டு வாசற்கதவு வெளுத்து, வெடித்து, பார்க்கச் சகிக்காமல் நின்றது. ஊர் ரோட்டுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிற மனுஷன் வீட்டுக் கதவா இது என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். கடைசியில் தானே கடைக்குப் போய் ஒரு டப்பா பச்சை வாங்கி வந்து, ஒரு நாள் பூராவும் நின்று அடித்தாள். டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூட நின்றவன் அவளுடைய தம்பி. பச்சை நன்றாகத்தான் இருந்தது. கதவின் மேல்விளிம்பில் மட்டும் அவள் இழுத்த பட்டை இடப்பக்கமாகச் சரிந்துவிட்டது. நேர்கோட்டார் வேலை முடிந்து வந்தவர், சும்மா உள்ளே போயிருக்கலாம்.

“இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு” என்றார்.

“வீடு விழாதுல்ல, உள்ள வாங்க” என்றாள் அவள்.

மிச்சம் இருந்த பாதி டப்பா பரணுக்குப் போயிற்று.

அந்தத் தம்பியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தாய் தகப்பன் போன பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவர். பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் அந்தக் கதவு வழியாகத்தான் போனார். மாப்பிள்ளைக் கோலத்திலும் அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே போனார். நேர்கோட்டாரும் அவரை மைத்துனர் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. வீட்டுப் பிள்ளை என்றுதான் எண்ணினார். படித்த பிள்ளை, அத்தானின் நகராட்சியிலேயே அலுவலராகச் சேர்ந்தபோது, நேர்கோட்டார் தமது வாழ்நாளில் முதல்முறையாகத் தெருவில் நின்று இரண்டு பேரிடம் தாமாகவே பேச்சுக் கொடுத்தார்.

இப்படி இருக்கையில்தான் நகராட்சியில் குறைகள் கிளம்பின. தூரிகையில் மயிர் கொட்டுகிறது என்றார்கள். பெயிண்ட்டில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார்கள். துடைப்பத்துக்குக் கட்டை இல்லை, கட்டைக்குத் துடைப்பம் இல்லை என்றார்கள். இத்தனை குறைகள் எங்கிருந்து வருகின்றன என்று ஆராயக் குழு ஒன்று போட்டார்கள். குழு பல ஊர்களுக்குப் போய்ப் பார்த்து, நல்ல விடுதிகளில் தங்கி யோசித்து, ஒரு முடிவோடு திரும்பியது. குறை தூரிகையில் இல்லை, பிடித்திருக்கும் மனத்தில் இருக்கிறது. ஊழியர்களுக்கு வேலையில் மனநிறைவு இல்லை.

உடனே பணி மனநிறைவு இயக்ககம் பிறந்தது. அதற்கு அறை வேண்டியிருந்தது. பெயிண்ட் வைத்திருந்த கிடங்கைக் காலி செய்து கொடுத்தார்கள். பெயிண்ட் டப்பாக்கள் வெளியே மழையிலும் வெயிலிலும் நின்றன. இயக்குநர் பொறுப்பேற்றுக்கொண்டு முதல் உரையை ஆற்றினார்.

“இதுவரை நீங்கள் சம்பளத்துக்காக உழைத்தீர்கள். அது தாழ்ந்த எண்ணம். இனி மனநிறைவுக்காக உழைப்பீர்கள். மனநிறைவு வந்துவிட்டால் சம்பளம் நினைவுக்கே வராது. எனக்கு இரண்டும் வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். பொறுப்பில் இருப்பவன் இரண்டையும் சுமக்கத்தான் வேண்டும்.”

கைதட்டினார்கள். கை தட்டாதவர்களைக் குறித்துக்கொள்ளும்படி மைத்துனரிடம் சொல்லியிருந்தது. அவர் அந்த இயக்ககத்தில் உதவி அலுவலராகப் போயிருந்தார்.

வாரத்தில் ஒரு காலை மனநிறைவு வேளை என்று ஆயிற்று. எல்லாரும் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடி, நிறைவாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் குழாய் வெடித்தால் குழாய் காத்திருக்க வேண்டும். இயக்குநர் வரிசைகளுக்கு நடுவே நடந்து ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்ப்பார். சாக்கடை அடைப்பு எடுப்பவர் ராத்திரி முழுவதும் வேலை பார்த்துவிட்டு வந்தவர், உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனார். இத்தனை ஆழ்ந்த நிறைவை இந்தப் பதவியில் இதுவரை கண்டதில்லை என்று இயக்குநர் சொல்லி, அவருக்கு முதல் பரிசு கொடுத்தார். பரிசு, இயக்குநரின் சட்டம் போட்ட படம்.

அடுத்து, தனித்தனியே கூப்பிட்டு விசாரித்தார்கள். வேலையில் உனக்கு அதிக நிறைவு தருவது எது என்று தெரு பெருக்கும் அம்மாளிடம் கேட்டார்கள்.

“வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறதுங்க” என்றாள் அம்மாள்.

இது கடுமையான நிறைவுக் குறைபாடு என்று தீர்மானித்து, அவளுக்கு விசேஷப் பயிற்சி போட்டார்கள். பயிற்சி வேலை நேரம் முடிந்த பிறகு நடந்தது. அவள் வீட்டுக்குப் போவது நின்றது. “இருந்த ஒண்ணையும் பிடுங்கிட்டானுங்க” என்று அம்மாள் குழாயடியில் சொன்னாள்.

நேர்கோட்டாரின் முறை வந்தது.

“உமக்கு மனநிறைவு இருக்கிறதா?” என்றார் இயக்குநர்.

“இருக்குங்க.”

“எவ்வளவு?”

“எனக்குப் போதுங்க.”

“யார் கொடுத்தது?”

நேர்கோட்டார் யோசித்தார். “யாரும் கொடுக்கலைங்க. அதுவா வருது.”

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இயக்ககம் தோன்றுவதற்கு முன்பிருந்தே, இயக்ககத்தைக் கேட்காமல், ஒரு கடைநிலை ஊழியர் நிறைவாக இருந்துவந்திருக்கிறார். அனுமதியில்லாமல் எடுத்த குடிநீர் இணைப்பைப் போல இது எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வேலைதாங்க என்றதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வெளியே போன பின் இயக்குநர் மைத்துனரைக் கூப்பிட்டு, உமக்கு அவர் சொந்தமாமே என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மனைவி மக்களை அழைத்துவரவில்லை. சாப்பாட்டுக்கு நடுவே, பழைய கதையெல்லாம் பேசி, அத்தானின் தட்டில் தானே எடுத்துப் பரிமாறி, மெல்லக் கேட்டார். மேலதிகாரிகள் கேட்டதைச் சொல்லவில்லை. “எனக்கே இந்த வேலையில மனசு ஒட்டலை அத்தான். உங்களுக்கு மட்டும் எப்படி ஒட்டுது, சொல்லுங்களேன்” என்றார்.

வீட்டுப் பிள்ளை மனம் ஒட்டவில்லை என்கிறான். நேர்கோட்டார் கையை உதறிவிட்டுச் சொன்னார்.

கோடு போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பட்டைக்கோடு போட்டு, காய்ந்து, தடுப்பை எடுத்த பிறகு அவர்கள் உடனே கிளம்பிவிட மாட்டார்கள். சற்றுத் தள்ளி நிற்பார்கள். முதல் ஆள் வந்து, பட்டையின் மேல் கால் வைத்து, வருகிற வண்டி நின்று, அந்த ஆள் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை நிற்பார்கள். அதற்கு முதல் கால் என்று பெயர். முதல் கால் பார்த்த பிறகுதான் தூரிகையைக் கழுவுவார்கள். அதுவரை போட்டது வெறும் பெயிண்ட். அதன் பிறகுதான் கோடு.

“ஒரு தடவை ரெண்டு பேரு ஆளுயர நிலைக்கண்ணாடி ஒண்ணைத் தூக்கிட்டு வந்தாங்க” என்றார் நேர்கோட்டார். “அந்தப் பக்கம் லாரி ஒண்ணு பறந்து வருது. கோட்டைப் பார்த்தான், நின்னுட்டான். கண்ணாடி நேரா அவன் முன்னாடி போகுது. அதுல தன் மூஞ்சியைப் பார்த்து, மீசையை ஒதுக்கி விட்டுக்கிறான் டிரைவர். கண்ணாடி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துச்சு, ஒரு கீறல் இல்லை. அவங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவங்களைத் தெரியாது. அவ்வளவுதான் தம்பி. அதுக்கு மேல என்ன வேணும்?”

மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். “இத்தனை வருஷமா லேட்டா வந்து, ரோட்டுல கூட்டம், கூட்டம்னு சொன்னது இதுக்குத்தானா?”

“நான் பொய் சொல்லலையே. ரோட்டுல கூட்டம் இருந்துச்சுதான்.”

“நானும் என்னென்னமோ நினைச்சுத் தொலைச்சேன்” என்றாள் அவள். முகம் சிவந்திருந்தது, ஆனால் அன்று அவருக்கு இன்னொரு கரண்டி விழுந்தது.

நேர்கோட்டார் மைத்துனரைப் பார்த்தார். “வெளிய சொல்லிடாதே. இதைப் பேச்சாக்கினா இது போயிரும்.”

“அக்கா மேல சத்தியமா சொல்ல மாட்டேன் அத்தான்” என்றார் மைத்துனர், அக்காவின் தலையைத் தொட்டு.

திங்கட்கிழமை சொல்லிவிட்டார்.

அந்த வாரமே அவர் மனநிறைவு அலுவலரானார். இயக்ககத்தில் விளக்கு அணையாமல் ஆலோசனை நடந்தது. நகராட்சியில் மனநிறைவு உண்டாகும் இடம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது பெருமைக்குரியது என்றார் இயக்குநர். அது இத்தனை நாளும் கடைநிலையிலேயே செலவாகிவிட்டது வருந்தத்தக்கது என்றும் சொன்னார். “அலுவலக நேரத்தில், அலுவலகப் பெயிண்ட்டில் உண்டாகும் நிறைவு அலுவலகத்தின் சொத்து. சொத்தென்றால் பதவி வரிசைப்படித்தான் பங்கு. மேலே நிரம்பினால் கீழே தானாக வழியும்” என்று விளக்கினார்.

எனவே இனிப் பட்டைக்கோடு போடுகிறவர் போட்ட உடனே இடத்தைவிட்டு நகர வேண்டும். நின்று பார்ப்பது நிறைவைக் களவாடுவதாகக் கொள்ளப்படும். முதல் கால் வைக்கும் உரிமை அதிகாரிகளுக்கு. ஆணையரில் தொடங்கி வரிசை போட்டார்கள். அதிகாரிக்கு ஒழிவு கிடைத்து வந்து கால் வைக்கும்வரை கோட்டுக்குக் கயிறு கட்டியிருக்கும். கயிறு கட்டிய கோட்டுக்குப் பக்கத்தில், கோடில்லாத இடத்தில், ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பிரசவ ஆஸ்பத்திரிக்கு முன்னால் போட்ட கோடு வெளிநாடு போயிருந்த பொறியாளரின் பேரில் ஒதுக்கியிருந்தது. அவர் திரும்பி வருவதற்குள், கால்பட்டே இராத அந்தக் கோடு வெயிலில் வெளுத்துப்போயிற்று. வந்தவர் வருத்தப்படக் கூடாதென்று நேர்கோட்டாரை மறுபடி போடச் சொன்னார்கள். போட்டார். நகரச் சொன்னார்கள். நகர்ந்தார்.

வீட்டுக்கு நேரத்தோடு வர ஆரம்பித்தார். மனைவிக்கு முதல் இரண்டு நாள் சந்தோஷம். மூன்றாம் நாள் விளக்கு போடாமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துப் பயந்துபோனாள்.

“யாரு சொன்னது அவங்களுக்கு?” என்றாள்.

அந்த வீட்டில் அந்த விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். கணக்குப் போட அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தம்பியின் பெயரை மனைவியிடம் சொல்லி அவள் தலை குனியப் பார்ப்பது ஆண்பிள்ளைக்கு அழகா? அவர் வாயை மூடிக்கொண்டார். அவளும் கேட்டதைத் திரும்பக் கேட்கவில்லை.

பிறகு மைத்துனரே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். மேலே நெருக்கிவிட்டார்கள், வேறு வழி இல்லாமல் போயிற்று, எல்லாவற்றையும் சரி செய்துவிடுகிறேன் என்றார். இயக்ககத்தின் முதல் ஆண்டு விழா வருகிறது. இயக்குநரே கால் வைக்கப்போகிறார். அதற்கு நேர்கோட்டார்தான் கோடு போட வேண்டும், மேடையில் நிறைவுள்ள ஊழியராக நிற்கவும் வேண்டும். நின்றுவிட்டால், பழையபடி முதல் கால் பார்க்க அவருக்கு மட்டும் அனுமதி எழுதி வாங்கித் தந்துவிடுவார்.

“நம்பலாமா?” என்றார் நேர்கோட்டார்.

“என்ன அத்தான் இப்படிக் கேட்டுட்டீங்க? நான் யாரு?”

அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஒரே பதில்தான் இருந்தது. நேர்கோட்டார் ஒப்புக்கொண்டார்.

விழாவுக்கு இடம் பார்த்தார்கள். மேடைக்கு நிழல் வேண்டும், அதிகாரிகளின் வண்டிகள் நிற்க இடம் வேண்டும், இயக்குநர் அதிகம் நடக்கக் கூடாது. எல்லாம் பொருந்தியது இயக்ககத்தின் வாசலில்தான். பொருந்தாதது ஒன்று: சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு பழைய ஆலையின் நீண்ட மதில். கண்ணுக்கெட்டிய தூரம் அதில் வாசல் இல்லை, சந்து இல்லை, மதிலடியில் நடைபாதையும் இல்லை.

“எதிர்ல சுவருங்க” என்றார் நேர்கோட்டார், இடத்தைப் பார்த்தவுடன்.

“சுவர் நம் துறையில் வராது. கோடுதான் நம்முடையது” என்றார் இயக்குநர்.

“அந்தப் பக்கம் யாரு போவாங்க?”

“நான் போவேன்.”

மைத்துனர் பின்னாலிருந்து அத்தானின் சட்டையை லேசாக இழுத்தார். நேர்கோட்டார் பேசாமல் கயிற்றைப் பிடித்தார். வாழ்நாளில் போட்ட கோடுகளிலேயே அது மிக நேரானது என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். அது உண்மை. இயக்ககத்தின் வாசலில் தொடங்கி மதிலில் போய் முட்டி நின்றது.

விழா நாளில் அங்கே இருந்தவர்களைத் தொடக்கத்திலேயே சொல்லியாயிற்று. வண்டிகளை இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள். முதலில் மனநிறைவு அலுவலர் பேசினார்.

“பல ஆண்டுகளாக யாருக்கும் தெரியாமல் சாலையோரம் நின்று வருகிறேன். கோட்டின் மேல் முதல் கால் விழுவதைப் பார்ப்பேன். ஒருநாள் இரண்டு பேர் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றைத் தூக்கி வந்தார்கள். எதிரே லாரி. கோட்டைப் பார்த்து நின்றது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து ஓட்டுநர் மீசையைத் திருத்திக்கொண்டார். கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது. அந்தக் கணத்தில் பிறந்ததுதான் இந்தத் திட்டம்.” பிறகு மேடையின் ஓரத்தைக் காட்டி, “கோடு போட உதவிய ஊழியரும் இங்கே வந்திருக்கிறார்” என்றார்.

தெரு பெருக்கும் அம்மாள் திரும்பி நேர்கோட்டாரைப் பார்த்தாள். சாக்கடை அடைப்பு எடுப்பவர் விழித்துக்கொண்டார். நேர்கோட்டார் அசையவில்லை. சட்டையின் மேல்பொத்தானைப் போட்டிருந்தார். அதைக் கை தொட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். கண்ணாடியைத் தூக்கி வந்த இரண்டு பேரின் முகமும் அவருக்கு அதுவரை நன்றாக நினைவிருந்தது. அன்றைக்குப் பிறகு அது எத்தனை யோசித்தும் வரவில்லை.

இயக்குநர் இறங்கி, கால் வைத்து, கடந்தார். மேளம் இல்லாத குறைக்கு மைக் செட்காரர் ஏதோ போட்டார். மதிலடியில் கோடு முடிந்தது. இயக்குநர் நின்றார். முகத்துக்கு நேரே செங்கல். திரும்பி வர ஒரு காலை எடுத்தார். மைத்துனர் பதறிப்போய்க் கைகாட்டித் தடுத்தார். விதிப்படி முதல் கால்தான் இயக்குநருடையது. திரும்பி வைத்தால் அது இரண்டாம் கால்; அது துணை இயக்குநருக்கு உரியது; அவர் அன்று விடுப்பு. விதிகளை எழுதியவர் இயக்குநர். எழுதியபோது எல்லாரும் போவதைப் பற்றியே யோசித்திருந்தார்கள், திரும்புவதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆகவே மைக்கை நீளமான ஒயரோடு அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குடைக்காரர் கோட்டில் கால் படாமல் ஊரைச் சுற்றி ஓடிப்போய்க் குடை பிடித்தார். இயக்குநர் மதிலைப் பார்த்தபடி நிறைவுரை ஆற்றினார்.

“நண்பர்களே, இந்த இடத்தில் நிற்கும்போது இயக்ககத்தின் தொலைநோக்கு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இதற்கு மேல் போக ஒன்றுமில்லை என்ற நிலைதான் மனநிறைவு.”

பலத்த கைதட்டல். அடுத்த தெரு வழியாக வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது.

கூட்டம் கலைந்தது. நேர்கோட்டார் போகவில்லை. மேடையிலிருந்து இறங்கி, சற்றுத் தள்ளி, வழக்கமாக நிற்கிற மாதிரி நின்றார். கழுவாத தூரிகை கையில் இருந்தது. வண்டியை மறித்து வைத்துவிட்டு வைத்த கால் கால் இல்லை. வருகிற வண்டி தானாக நிற்க வேண்டும். வண்டிகள் வந்தன. போயின. மதிலுக்குப் போக யார் சாலையைக் கடப்பார்கள்?

மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். மைத்துனரும் விழாவில் போட்ட மாலையைக் கழற்றி ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்.

“அத்தான், சந்தோஷமான சேதி. அனுமதி கிடைச்சிருச்சு. இனிமே நீங்க நிக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க.”

“எங்க?”

“இங்கதான். இந்தக் கோட்டுகிட்ட. காலையில வந்து சாயங்காலம் வரைக்கும். அதுதான் இனிமே உங்க வேலை. மத்த கோடெல்லாம் மெஷின் போட்டுக்கும். பார்க்க வர்றவங்களுக்கு நிறைவுள்ள ஊழியர் ஒருத்தர் கண்ணுக்குத் தெரியணும்ல.”

நேர்கோட்டார் அவரைப் பார்த்தார். “உன் அக்கா தலையில கை வச்சுச் சொன்னே.”

மைத்துனர் சிரித்தார். சங்கடத்தில் சிரித்த சிரிப்புதான். வேறு எண்ணம் இருந்திருக்காது. “அக்காவுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே அத்தான்.”

“ஆச்சுடா” என்றாள் அக்கா.

கணவரின் இன்னொரு கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கொடுத்த வேலையைச் செய்யாமல் இருப்பது நேர்கோட்டாரின் பழக்கமல்ல. தினமும் போனார். காலையில் சட்டை மடிப்புக் கலையாமல் போய், அந்தக் கோட்டருகே நிமிர்ந்து நின்று, சாயங்காலம் திரும்பினார். தூரிகையைக் கழுவவில்லை. பெயிண்ட் காய்ந்து அது கட்டையாகிவிட்டது. அதையும் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றார். வெளியூர் அதிகாரிகள் வண்டியில் வந்து, இறங்காமல், கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் முகத்தில் தெரியும் அமைதியைப் பற்றி ஒருவர் கட்டுரையே எழுதினாராம். தெரு பெருக்கும் அம்மாள் மட்டும் அந்தப் பக்கம் வரும்போது, “யாராச்சும் வந்தாங்களா?” என்று கேட்பாள். அவர் இல்லையென்று தலையாட்டுவார். “நானாச்சும் ஒரு தடவை போயிட்டு வந்துரட்டா?” என்றாள் ஒருநாள். தெரிந்தவர் பிரியத்துக்காக வைக்கும் கால் கணக்கில் சேராது என்று அவர் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் விடியும் நேரத்தில் மனைவி, காய்கறி வாங்கி வருகிறேன் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது பையில் காய்கறி இல்லை. நல்லதாக ஒன்றும் வரவில்லை என்றாள். நேர்கோட்டார் குளித்துவிட்டு வழக்கம்போல் கிளம்பினார்.

மதிலில், கோடு போய் முட்டும் இடத்தில், ஒரு கதவு இருந்தது. பெயிண்ட்டால் வரைந்த கதவு. பச்சை நிறம், ஆளுயரம், கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாம் இருந்தன. மூடியிருந்தது. மேல்விளிம்பு இடப்பக்கமாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது. நேர்கோட்டார் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு தமது இடத்தில் போய் நின்றார்.

அலுவலகம் திறக்கும் நேரத்தில் மைத்துனர் வந்தார். இயக்ககத்தின் படியில் கால் வைத்தவர், எதிரே பார்த்துவிட்டு அப்படியே நின்றார். தங்கள் துறையில் வராத சுவரில், அனுமதியில்லாமல், இயக்குநர் உரையாற்றிய இடத்தில் ஒரு கதவு. பதறிப்போய், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், கோட்டில் இறங்கினார். வேகமாக வந்த லாரி ஒன்று கோட்டைப் பார்த்து நின்றது. ஓட்டுநர் அவர் கடக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பிறகு போனார்.

மைத்துனர் மதிலருகே போய்ச் சேர்ந்தார். கை தானாக நீண்டு கைப்பிடியைத் தேடியது. ஈரம் காயாத பச்சை விரல்களில் ஒட்டியது. விரல்களைப் பார்த்தார், பிறகு மேலே, சரிந்திருந்த அந்த விளிம்பைப் பார்த்தார். டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு அந்தச் சரிவு தெரியாமல் போகுமா? அவர் தட்டவில்லை. போகவும் இல்லை. மூடிய கதவுக்கு முன்னால், பச்சைக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

நேர்கோட்டார் முதல் காலைப் பார்த்துவிட்டார். எத்தனையோ நாள் காத்திருந்து கடைசியில் கிடைத்த கால் அது. வழக்கப்படி அவருக்கு அங்கே இனி வேலை இல்லை. காய்ந்த தூரிகையை இயக்ககத்தின் படியில் வைத்துவிட்டு, மேல்பொத்தானைச் சரிபார்த்து, வீட்டுக்கு நடந்தார். மைத்துனர் பின்னாலிருந்து அத்தான் என்று ஒருமுறை கூப்பிட்டதாகத் தெரிகிறது. அந்தக் குரலுக்கு அவர் திரும்பாதது அதுதான் முதல்முறை.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. அந்த மதிலில் கதவை வரைந்தவர் நேர்கோட்டார்தான் என்றும், ஆத்திரத்தில் வரைந்துவிட்டு வேலையை விட்டுவிட்டார் என்றும் ஊரில் இன்றுவரை பேசுகிறார்கள். அது பொய். அவர் வெள்ளையையும் மஞ்சளையும் தவிர வேறு நிறத்தைக் கையால் தொட்டதில்லை. மேலும், அவர் வரைந்திருந்தால் அது நேராக இருந்திருக்கும்.